நீலப் பெட்ரோல்

உங்கள் மின்விசிறியில் புஷ் தேய்ந்துவிட்டது, ஐயா. அந்த 'டக் டக்' சத்தம் அதனால்தான். கழற்றிக் கொடுத்தால் கால் மணி நேர வேலை. புதிது வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவன் விசிறி விற்கிறவனாக இருப்பான்.

இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். சரி பண்ணலாமா, தூக்கிப் போடலாமா? தண்ணீர் இறைக்கும் என்ஜினோ, புல் வெட்டும் மிஷினோ, மரம் அறுக்கும் ரம்பமோ, எதுவானாலும் மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆபரேஷன் அறை வாசலில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதைப்போல. நான் உடனே பதில் சொல்லமாட்டேன். கையைத் துணியில் துடைப்பேன். ஒவ்வொரு விரலாகத் துடைப்பேன். என் அப்பா பாத்திர வியாபாரி. கேட்டவுடன் விலை சொன்னால் வந்தவன் நம்பமாட்டான் என்று கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருப்பார். கையைத் துடைத்து முடிப்பதற்குள் வந்தவர் நான் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவார்.

நீங்கள் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்காக. மரம் அறுக்கும் இயந்திரம், ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடியதால் பழுதடைந்தது, என்று இரண்டு வரி. மெக்கானிக் என்ற முறையில் என் கருத்து. இரண்டு வரியும் சரி. பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். அப்போது நீங்கள், படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால், தலையைத் தூக்காமலே கேட்டீர்கள். வெளியே உட்கார்ந்திருக்கிற இவர் பெட்ரோல் எங்கே வாங்குவார்?

இரண்டு வருடமாக இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

என்னிடம்தான் வாங்குவார்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எழுத வசதியாக இருக்கும். இந்தச் சின்ன என்ஜின்களுக்கு கார் மாதிரித் தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில்தான் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. அளந்து கலக்க ஆட்களுக்குப் பொறுமை இல்லை. அதனால் நானே கலந்து கேனில் ஊற்றி விற்க ஆரம்பித்தேன். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான் கலந்த ஆயில் நீல நிறம். பெட்ரோலும் நீலமாகிவிடும். வாங்குகிறவர் கேனை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். நீலம் தெரிந்தால் திருப்தி. அதற்கு மேல் என்ன பார்க்க முடியும், சொல்லுங்கள். ஆயிலைக் கண்ணால் அளக்க முடியாது, நிறத்தைத்தான் பார்க்க முடியும்.

ஒரு மாதம் ஆயில் வரவில்லை. இருந்ததை வழக்கமான அளவில் பாதி மட்டும் கலந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டுமில்லை, பாராட்டு வந்தது. "இந்தத் தடவ பொகையே இல்லண்ணே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் தோட்டக்காரர் ஒருவர். ஆயில் குறைந்தால் புகை குறையும். நான் சிரித்தேன். சிரிப்பது பொய் இல்லை. அடுத்த மாதம் கால் பங்கு. அதற்கும் அடுத்து, ஆயிலுக்குப் பதிலாக, மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் போடும் சாயம் இருக்கிறதே, அதில் ஒரு சிட்டிகை. பெட்ரோலில் அருமையாகக் கரைகிறது. கம்பெனி ஆயிலைவிட அழகான நீலம்.

இதைப் பேராசை என்று எழுதிவிடாதீர்கள். கடை படுத்துக்கிடந்த காலம் அது. பேட்டரியில் ஓடும் மிஷின்கள் வந்துவிட்டன. அவற்றில் சரி பண்ண ஒன்றுமே இல்லை, கெட்டால் குப்பைதான். காலையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, பொழுதுக்கும் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குவேன். மறுநாள் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவேன். வீட்டில் "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று என் மனைவி கேட்பாள். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் தாங்கவில்லை.

நீலப் பெட்ரோலுக்குப் பிறகு என்ஜின்கள் வர ஆரம்பித்தன. வந்ததை ஒழுங்காகச் சரி பண்ணிக் கொடுத்தேன். அரைகுறை வேலை என்று இன்றுவரை ஒருவர் என்னைச் சொன்னது கிடையாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, என் தங்கையின் கணவர், அவரைத் தெருவில் 'ரேடியோ' என்பார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள், இப்போது வாயே திறப்பதில்லை. மரத்து உச்சியில் இடுப்பில் கயிறு கட்டி நின்றபடி, கீழே சைக்கிளில் போகிறவரிடம் மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிக்கிற மனிதர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தார். அதை மூடினார்கள். என் தங்கை தன் தையல் மிஷினை விற்று இந்த ரம்பத்தை வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது ரம்பம் ஓடினால்தான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ரம்பத்தைத் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னாலேயே என் தங்கை. ஸ்டார்ட் பண்ணும் கயிறு இழுக்க வரவில்லை. கல் மாதிரி நின்றது.

"காலையில நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு மச்சான். பத்து மணிக்குக் கீச்சுன்னு ஒரு சத்தம். அவ்ளோதான், வாயடைச்சுப் போச்சு."

"கூடவே உங்க வாயும் அடைச்சிருந்தா தெருவே நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள் தங்கை.

"பாத்தீங்களா மச்சான். மிஷினுக்கு ஒண்ணுன்னா கண்ணு கலங்குறா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சீரியல் பாத்துட்டு இருந்தா."

"மிஷின் சம்பாதிக்குதுல்ல."

நான் புகை வெளியேறும் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல பிஸ்டன் கண்ணாடி மாதிரி மின்னும். இது மேலிருந்து கீழ்வரை, சுற்றிலும், பூனை பிறாண்டின மாதிரி கிடந்தது. ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடிய என்ஜின். என் தொழில் தெரிந்த எவனும் பேப்பர் தலைப்பைப் படிப்பதுபோல அதைப் படித்துவிடுவான். டார்ச்சை அணைத்து மூடியைத் திருப்பி மாட்டினேன்.

"பொழைக்குமா மச்சான்?"

"பாக்கலாம்."

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. டவுன்ல ஒரு கடையில பழசக் குடுத்தா புதுசுல கொறச்சுக்கிறானாம். அவனே பழசப் பிரிச்சுப் பாத்து, எதனால போச்சுன்னு எழுதியும் குடுக்குறானாம். இனிமே அந்தத் தப்பு பண்ணாம இருக்கலாம் பாருங்க."

நான் கையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அண்ணன் இருக்கும்போது எவன்கிட்டயோ எதுக்குப் போகணும்?" என்றாள் தங்கை. "நீ சொல்லுண்ணே. சரி பண்ணலாம்னா பண்ணலாம், வேணாம்னா வேணாம். நீ சொன்னா முடிஞ்சுது."

எனக்கு ஒரு கணக்கு உண்டு. சரி பண்ணுகிற செலவு புதிதின் பாதி விலையைத் தாண்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். என் வருமானம் போனாலும் சொல்வேன். அந்தப் பெயர்தான் என் கடையின் முதல். அந்த ரம்பத்துக்கு பிஸ்டனும் போய்விட்டது, சிலிண்டரும் போய்விட்டது. தூக்கிப் போட வேண்டிய பொருள். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பத்து விரலும் துடைத்து முடித்தேன். "சரி பண்ணிடலாம்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள் தங்கை.

டவுன் கடைக்காரன் எழுதிக் கொடுக்கும் காகிதம் ரேடியோவின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகியிருக்கும். என்னிடம் நாற்பது பேர் கேன் வாங்குகிறார்கள்.

சிலிண்டரை ஆசிட் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இன்னொரு செத்த ரம்பத்திலிருந்து எடுத்த பிஸ்டனைப் போட்டு ஓட வைத்தேன். நல்ல பெட்ரோல் என்றால் ஒரு வருடம் தாங்கும். என் பெட்ரோலுக்கு எத்தனை மாதம் என்று எனக்கே தெரியாது. அவருக்கு மட்டும் ஆயில் கலந்து கொடுக்கலாமே என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். எல்லோர் ரம்பமும் சாக, அவருடையது மட்டும் ஓடினால் அதையும் ஊரெல்லாம் சொல்வார். எப்படி என்று ஆட்கள் கேட்பார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரியே கொடுத்தேன். சொந்தக்காரர், வேறு ஆள் என்று வியாபாரத்தில் பேதம் பார்க்கவில்லை.

என் கடைச் சுவரில் ஒரு ரம்பம் தொங்குகிறது. அது என்னுடையது. அதற்கு மட்டும் தனிக் கேன் வைத்திருந்தேன். அளந்து கலந்தது, விலை கூடின கம்பெனி ஆயில். அந்த ஆயில் பச்சை நிறம்.

போன மாதம் காற்று அடித்ததே, அன்று மதியம் மூன்று மணி. தங்கை வீட்டுப் பக்கத்து மரம் வேரோடு சாய்ந்து சமையலறை மேல் விழுந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். ஓடினேன். கூரைத் தகடு மடங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு பெரிய கிளை என் தங்கையின் வயிற்றுக்குக் குறுக்கே. உயிரோடு இருந்தாள், பேசினாள். ஆட்கள் கட்டை கொடுத்து நெம்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அவள் கத்தினாள். கோடாலி போட்டாலும் அதிரும். வெளியே இருந்து கிளை கிளையாக அறுத்துப் பாரத்தைக் குறைப்பதுதான் வழி என்று ரேடியோ சொன்னார். சரியான யோசனை. அவர் தொழிலில் கெட்டிக்காரர்.

ரம்பத்தோடு ஏறினார். இரண்டு கிளை விழுந்தது. மூன்றாவது பெரியது, அதுதான் முக்கியமானது. பாதி அறுபட்டிருக்கும்போது அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. அவருக்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது.

கயிற்றை இழுத்தார். வரவில்லை. காலை மரத்தில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கயிறு அறுந்து பின்னால் விழுந்தார். எழுந்து, கயிறு இல்லாத அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் ஏறினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காற்று வடிகட்டியை எடுத்து ஊதினேன். ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தேன். நாற்பது, ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். என் கை வேலை செய்வதை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது. "ஏன் சத்தம் நின்னு போச்சு?"

"மிஷின் மக்கர் பண்ணுதும்மா. உங்க அண்ணன் பாத்துட்டு இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள்.

"அண்ணன் வந்துட்டாரா? அப்ப சரி."

ரேடியோ என் சட்டையைப் பிடித்தார். "மச்சான், உங்க மிஷின் கடையில தொங்குதுல்ல. பைக்க எடுத்துட்டு ஓடுங்க. போக அஞ்சு நிமிஷம், வர அஞ்சு நிமிஷம்."

"அதப் பிரிச்சுப் போட்டிருக்கேன் மாப்ளே" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், ஐயா. மற்றதெல்லாம் பேசாமல் இருந்தது. ரம்பம் சுவரில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கும் நிறைந்திருந்தது.

ஏன் என்று கேளுங்கள். கிளைகளையெல்லாம் அறுத்து முடிக்க ஒரு டேங்க் போதாது. பாதியில் திறந்து ஊற்ற வேண்டும். என் கேன் பச்சை. பக்கத்திலேயே அவருடைய கேன், நீலம். ஒரு ரம்பம் ஓடுகிறது, ஒன்று செத்துக் கிடக்கிறது. ரேடியோ கேட்காமல் இருப்பாரா? "உங்களுக்கு மட்டும் ஏன் மச்சான் பச்சை?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார். கூட்டத்தில் என் கேன் வாங்குகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இதற்குள் தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்று ஒருவர் போனைக் காதில் வைத்தபடி கத்திச் சொன்னார். கிளம்பிவிட்டது என்றால் பத்து நிமிடம். நான் போய்விட்டு வரவும் பத்து நிமிடம். எப்படியும் அதே நேரத்தில் கிளை அறுபடப்போகிறது. அப்படியிருக்க என் பெயரை நான் எதற்காகச் செலவழிக்க வேண்டும்? பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவனுக்குத்தான் நஷ்டம் என்பதைப் பத்து வயதில் அப்பா கடையில் பார்த்தே கற்றுக்கொண்டேன். நான் காத்திருந்தேன்.

வழி நெடுக மரங்கள் விழுந்து கிடந்திருக்கின்றன. வண்டி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஒரு கட்டத்துக்கு மேல், இனிமேல் போனால் அப்போதே ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. ஒவ்வொரு நிமிடமும் கிளம்புவது முந்தின நிமிடத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. இதை நீங்கள் அனுபவித்தால்தான் புரியும்.

"இன்னும் எவ்ளோ நேரம்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்ப யாராச்சும் அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அணைத்தாயிற்று என்று சொன்னோம். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்காரர்கள் கொண்டுவந்த ரம்பம் நான்கே நிமிடத்தில் கிளையை அறுத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கலவை. லேசாகப் புகை வந்தது.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரேடியோ கடைக்கு வந்தார். ரம்பத்தை ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"பிரிச்சுப் பாருங்க மச்சான். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியணும்."

"இப்ப எதுக்கு மாப்ளே அதெல்லாம்."

"தெரியணும் மச்சான். தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

இந்தத் தடவை அவர் கண் முன்னாலேயே திறந்தேன். பிஸ்டனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "ஆயில் இல்லாம ஓடியிருக்கு" என்றேன். உண்மைதானே. பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். "பைக்குக்குன்னு சாதாரண பெட்ரோல் ஒரு கேன் வெச்சிருப்பியே. அவசரத்துல எதை எடுத்து ஊத்தினே, ஞாபகம் இருக்கா?"

நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கேனும் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றார். பிஸ்டனை மேசையில் வைத்துவிட்டு, "மாத்தி ஊத்தியிருப்பேன்" என்றார். பிறகு, "மாத்தித்தான் ஊத்தினேன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் வாதாடக் கூடாது. அதுதான் அவர் கடைசியாகப் பேசிய பேச்சு என்று நினைக்கிறேன். நேற்று உங்களிடம் வந்து, என் மனைவியை நான்தான் கொன்றேன் என்று சொல்லும்வரை.

அவர் அந்த ரம்பத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். சரி பண்ணலாமா, தூக்கிப் போடலாமா? கேட்க ஆள் இல்லாமல் நானே என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே பொருள் அதுதான். தூக்கிப் போட்டால் யாராவது எடுத்துப் பிரிப்பான். என் கணக்குப்படி சரி பண்ணவும் கூடாது. மூன்று நாள் மேசையில் கிடந்தது.

அந்த மூன்று நாளும் ஒரு தொந்தரவு இருந்தது. இப்போதும் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் பேரம் முடிந்ததும் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "அப்ப சரி" என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் சொல்கிறார்கள். நான்தான் கவனித்ததில்லை. இப்போது ஒவ்வொருவர் சொல்லும்போதும் கையில் இருப்பது கீழே விழுந்துவிடுகிறது. நேற்று ஒருவர் காலில் ஸ்பானர் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார், நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் போனதற்காகத் தெருமுனைவரை அவர் பின்னாலேயே போய் நன்றி சொல்லலாமா என்று இருந்தது.

ஆகவே ரம்பத்தைச் சரி பண்ணிவிட்டேன். முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஆயில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ரம்பம் நிற்கும் என்பதும் தெரியும். ஓடுகிற ரம்பம் ஒன்று ஐந்து நிமிட தூரத்தில் இருந்தது, அதை நான் எடுக்கப் போகவில்லை. ரேடியோ எந்தக் கேனையும் மாற்றி ஊற்றவில்லை. அன்று காலையில்தான் என்னிடம் புதுக் கேன் வாங்கினார், நீலம். இந்த வாரம் விற்றதும் நீலம்தான்.

பழைய பிஸ்டனும் சிலிண்டரும் வேண்டும் என்பீர்கள். பழைய உலோகம் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டேன், இதற்குள் உருக்கியிருப்பார்கள். மறைக்கச் செய்ததாக நினைக்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கடையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

வெளியே போகும்போது ரேடியோவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரம்பம் தயார். புது பிஸ்டன், புது சிலிண்டர், எல்லாம் அசல் கம்பெனிப் பொருள். டேங்கில் பச்சை ஊற்றி வைத்திருக்கிறேன். ஒரே இழுப்பில் ஓடுகிறது. இதற்கு நான் கூலி வாங்கவில்லை என்பதையும் அந்தக் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.